உடல் மறவாத துயரம்: ஒரு நூல் திறனாய்வு

பெசல் வான் டெர் கோல்க் என்னும் மனநல மருத்துவர் 2014இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' என்னும் நூலை நம் மாணவர்கள் தம் ஆய்வேடுகளில் எடுத்தாளத் தொடங்கியுள்ளனர். எடுத்தாள்வோரிற் சிலர் நூலின் தலைப்பைத் தாண்டிச் சென்றதாகத் தோன்றவில்லை. 'உடல் கணக்கு வைத்திருக்கிறது' என அத்தலைப்பைத் தமிழாக்கலாம். 1978இல் பாஸ்டன் நகரில் முன்னாள் படைவீரருக்கான மருத்துவ நிலையத்தில் பணியேற்ற ஆசிரியர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களை அங்குச் சந்தித்ததிலிருந்து நூலைத் தொடங்குகிறார். அந்நாளில் அவர்தம் துன்பத்துக்கு ஏற்ற பெயர் மருத்துவ நூல்களில் இல்லை. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதனைத் தனி நோயாகத் தன் பட்டியலிற் சேர்த்தது. ஈழத்துத் தமிழ் மருத்துவர்கள் இதற்கு வழங்கும் 'மனவடு' என்னும் சொல்லையே நாமும் இங்குக் கையாளுகிறோம்.

நூலின் அடிப்படைக் கருத்து கடினமானதன்று. கொடிய நிகழ்ச்சி முடிந்த பின்னும் உடல் அது முடியவில்லை என்றே நடந்துகொள்கிறது. ஆபத்தை அறிவிக்கும் மூளைப் பகுதி ஓயாமல் எச்சரிக்கின்றது. தசைகள் இறுகிக் கிடக்கின்றன. உறக்கமும் செரிமானமும் கெடுகின்றன. ஆசிரியரும் உடனுழைப்பாளரும் 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பழைய துயரை மீண்டும் நினைவூட்டியபோது நோயாளிகளின் மூளையில் பேச்சுக்குரிய பகுதியின் இயக்கம் குறைந்தது. ஆராயப்பட்டவர் எண்மரே, எனவே இதன்மேல் பெரிய கோபுரம் எழுப்பலாகாது. ஆயினும் துயரின் நடுவே நா எழாமற் போவதை இழவு வீட்டில் நின்ற எந்தப் போதகரும் அறிவார். ஆகவே பேச்சொன்றினால் மட்டும் குணமாகாது, மூச்சு, அசைவு, பாட்டு, நாடகம் ஆகியவற்றின் வழியாகவும் உடலை அமைதிக்குத் திருப்ப வேண்டும் என்பது ஆசிரியரின் துணிபு.

இதைக் கேட்டு நாம் வியப்படைவதே வியப்புக்குரியது. நம் திருமறையில் 'ஆத்துமா' என மொழிபெயர்க்கப்படும் எபிரேயச் சொல்லாகிய 'நெஃபெஷ்' தொண்டையையும் மூச்சையும் குறிக்கும் சொல் என்பதைப் பழைய ஏற்பாட்டு வகுப்பில் முதலாண்டிலேயே கற்பிக்கின்றோம். ஹான்ஸ் வால்ட்டர் வோல்ஃப் 1973இல் ஜெர்மன் மொழியில் எழுதிய பழைய ஏற்பாட்டு மானிடவியல் நூல் இதனை விரிவாக விளக்குகிறது. நற்செய்தி நூல்களில் இயேசு மனதுருகினார் என்று நாம் வாசிக்குமிடத்தில் கிரேக்கச் சொல் குடல்களிலிருந்து பிறந்தது. வகுப்பில் இவ்வளவும் சொல்லிவிட்டு, பிரசங்க பீடத்தில் ஏறியதும் எலும்பும் குடலும் கண்ணும் வெறும் அணியலங்காரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். 38ஆம் சங்கீதத்தை விளக்கும் மாணவர் அதிலுள்ள உடல் நோவுகளை ஒரே வரியில் கடந்து பாவத்துக்குத் தாவிவிடுவதைப் பன்முறை கண்டோம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தாக வேண்டும். 32ஆம் சங்கீதத்தில் எலும்புகள் உலர்ந்துபோவது மறைத்துவைத்த பாவத்தினால். 6ஆம் சங்கீதத்திலோ, கர்த்தருடைய கோபத்தைக் குறித்த அச்சம் உண்டெனினும், பாவ அறிக்கை ஒன்றுமில்லை. கட்டிலைக் கண்ணீரால் நனைப்பவனைச் சத்துருக்கள் சூழ்ந்துள்ளனர். இரண்டு உடல்களும் நோகின்றன; நோவின் காரணமோ ஒன்றன்று. பிறரால் சிதைக்கப்பட்டவருக்கு 32ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டும் போதகர், செய்யாத குற்றத்தை அவர் தலையில் ஏற்றுகிறார். 2 சாமுவேல் 13இல் தாமார் தலையில் சாம்பலிட்டு, ஆடையைக் கிழித்து, கையைத் தலைமேல் வைத்துக் கதறிக்கொண்டு போகிறாள். உடன்பிறந்த அப்சலோம் அவளை மௌனமாயிருக்கச் சொல்லுகிறான். அதற்குப்பின் அவள் குரலை நாம் கேட்பதில்லை. நம் சபைகளிலும் குடும்ப மானம், சபையின் நற்பெயர் எனக் கூறி மௌனத்தைக் கேட்டு வாங்கும் அப்சலோம்கள் உண்டு; அவர்களிற் சிலர் அங்கி தரித்தவர்கள்.

நாமும் ஒரு தவறு செய்துள்ளோம். அதைச் சொல்லாமல் இந்நூலைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரச் சபையொன்றில் ஊழியம் செய்தோம். கையில் பிடித்திருந்த மகனை அலைக்குக் கொடுத்த தாய் ஒருத்தி, வலது கை தோளிலிருந்து விரல் வரை வலிக்கிறதென்று சொல்லி வந்தாள். மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. நாம் அவளுக்காக ஜெபித்தோம். ஆனால் அந்த வலி எதைச் சொல்லுகிறது என்று கேட்கவில்லை. முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் சாட்சி சொல்ல அவளை அழைத்தோம். சொன்னால் பாரம் குறையும் என்று உண்மையாகவே நம்பினோம். இரண்டு வாக்கியங்களுக்குப் பின் அவளுக்குக் குரல் எழவில்லை. வலது கையை இடது கையால் பற்றியபடி நின்றாள். சபையார் அதைப் பரிசுத்த ஆவியின் அசைவென்று எண்ணி அல்லேலூயா என்றனர். அதன்பின் பல மாதங்கள் அவள் ஆலயத்துக்கு வரவில்லை. பேரிடர் கண்டவரை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறையைக் கையாள வேண்டாமென உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதை நாம் பின்னரே படித்தோம்.

இனி, நூலோடு நாம் முரண்படும் இடத்துக்கு வருவோம். இந்நூலைப் பின்பற்றி எழுதுவோர் பலர் 'விடுவித்தல்' என்னும் சொல்லைத் தாராளமாக வழங்குகின்றனர். துயரம் தசைகளுள் தேங்கிய நீர் போலவும், மடையைத் திறந்தால் வடிந்துவிடும் என்பது போலவும் அவர்தம் பேச்சு அமைகின்றது. ஆனால் நூலின் முதல் அதிகாரத்திலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. போரில் தோழர்களை இழந்த வீரர் ஒருவர், கொடுங்கனவை நீக்கும் மருந்தை உட்கொள்ளவில்லை. கனவு நின்றுவிட்டால் இறந்த தோழர்களைக் கைவிட்டதாகும் என்பது அவர் கருத்து. அந்த ஓர் இடமே நூலின் மிக ஆழமான பகுதி என்பது நம் எண்ணம். ஆசிரியரோ அதை விரைவில் கடந்து சிகிச்சைமுறைகளுக்குச் சென்றுவிடுகிறார். நாம் சொன்ன தாயும் பின்னாளில் ஏறத்தாழ இதையே சொன்னாள். கைவலி முற்றிலும் நின்றுவிட்டால் மகன் பிடித்திருந்த இடம் எது என்று தெரியாமற் போய்விடும் என்றாள். இப்படிப்பட்டவரிடம் விடுதலை என்று பேசுவது, அன்பை விட்டுவிடு என்று சொல்வதாகவே கேட்கும். 2 சாமுவேல் 21இல் ரிஸ்பாள் கன்மலையில் இரட்டை விரித்து, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் பிள்ளைகளின் சடலங்களைத் தொடவிடாமல் காத்திருந்தாள். அவளை ஒருவரும் ஆற்றுப்படுத்தவில்லை. அரசன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ணினான். அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுவே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டிய உடலிலும் காயங்கள் இருந்தன. அவை நோகவில்லை என்று எண்ண இடமுண்டு. இல்லாமற் போயின என்று எண்ண இடமில்லை.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. மறந்துபோன கொடுமைகளை உடல் நினைவில் வைத்திருக்கிறது, அவற்றை வெளிக்கொணரலாம் என்னும் கருத்து 1990களில் அமெரிக்காவில் பெரும் வழக்குகளுக்கு இடமளித்தது. ரிச்சர்ட் மெக்னலி 2003இல் எழுதிய நூலில், கொடிய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மறக்கப்படுவதில்லை, மறக்க முடியாமையே துன்பம் என்று வாதிட்டார். நம் சுகமளிக்கும் கூட்டங்களில், 'உன் சிறுவயதில் ஒரு காயம் ஒளிந்திருக்கிறது' என்று முன்பின் அறியாதவர் தலைமேல் கைவைத்துச் சொல்லும் பிரசங்கியார் இவ்வாதத்தைக் கேட்டாக வேண்டும். இல்லாத நினைவை உண்டாக்குவதும், வீழ்ந்து நடுங்குகிறவரைக் கண்டு காயம் வெளியேறியதென அறிவிப்பதும் ஆயர்பணி ஆகா. அந்நடுக்கம் பழைய அச்சமே மீண்டு வந்ததாகவும் இருக்கலாம். நெஞ்சு வலிக்கிறது என்பவரை முதலில் இருதய மருத்துவரிடம் அனுப்புவதும் நம் கடமை. எல்லா வலியும் மனவடு அன்று.

சிகிச்சைமுறைகளில் சிலவற்றுக்குச் சான்று வலிமையானது, சிலவற்றுக்கு மெலிந்தது. மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சையையும் கண்ணசைவு முறையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்றுப் பரிந்துரைத்தது. யோகப் பயிற்சி பற்றி ஆசிரியர் 64 பெண்களைக் கொண்டு பத்து வாரம் நடத்திய ஆய்வில் நற்பலன் கண்டார், எண்ணிக்கை சிறிது. யோகம் என்றவுடன் நம் சபையார் முகம் சுளிப்பதை அறிவோம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் வதைபட்டோரிடையே பணியாற்றுகையில், அவரவர் சமயத்து ஜெபச் சொல்லையே அமைதியாக மீண்டும் மீண்டும் சொல்லச் செய்து உடலைத் தளர்த்தும் வழியைக் கைக்கொண்டார். நம் போதகர்கள் பாஸ்டனுக்கு முன் இவரைப் படித்திருக்கலாம்.

நூலின் இருபதாம் அதிகாரத்தில், தென்னாப்பிரிக்காவில் பேராயர் டுட்டு நடத்திய உண்மை விசாரணைகளில் கூட்டுப் பாட்டும் ஆட்டமும் இடம்பெற்றதை ஆசிரியர் நினைவுகூர்கிறார். அதைப் படிக்கையில் நம் ஒப்பாரி நினைவுக்கு வந்தது. பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, மார்பில் அடித்து, மூச்சையும் குரலையும் ஒன்றாக்கி அழும் முறை அது. நம்பிக்கையற்றவர்களின் அழுகை என்று சொல்லி அதை அடக்க வீட்டிலிருந்து அகற்ற முயன்றோம். அவ்விடத்தில் மூன்று பாமாலைப் பாட்டுகளையும் ஒரு நீண்ட செய்தியையும் வைத்தோம். எரேமியா 9இல் புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்பவர் சேனைகளின் கர்த்தர் என்பதை மறந்தோம். 1 இராஜாக்கள் 19இல் சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவிடம் தூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான்; உறங்கவிட்டான்; மறுபடியும் உணவு கொடுத்தான். எலியாவை நோக்கிய கேள்வி நாற்பது நாள் நடைக்குப் பின்பே வருகிறது.

மாணவர்கள் இந்நூலின் முதற்பகுதியையும் பதின்மூன்றாம் அதிகாரத்தையும் கருத்தாய்ப் படிக்கட்டும். மூளைப் பயிற்சிக் கருவிகள் பற்றிய அதிகாரத்தை விட்டாலும் பெரிய இழப்பில்லை. அத்துடன், ஆற்றுப்படுத்தல் பாடத்தில் இரண்டு வாரத்தையேனும் இழவு வீட்டிலும் மருத்துவமனையிலும் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் பயிற்சிக்கு ஒதுக்கலாம் எனப் பாடத்திட்டக் குழுவுக்குப் பரிந்துரைக்கிறோம். மதிப்பெண் எவ்வாறு வழங்குவது என்பதைக் குழுவே ஆராய வேண்டும்.