தேர்ந்த கை, அளந்த சொல்

நன்றாக உடல் பிடிக்கத் தெரிந்தவரை, அவர் கை முதுகில் வந்து அமரும் விதத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். அந்தக் கை அவசரமாக வந்து விழாது. எண்ணெய் உள்ளங்கையிலேயே வெதுவெதுப்பாகியிருக்கும். விரல் நுனிகள் தனியே குத்தாமல் கை முழுவதும் ஒருசேரப் படியும். படிந்த கை ஓரிரு மூச்சு நேரம் அசையாது. அந்த இடைவெளியில் அவர் தசையின் இறுக்கத்தையும் மூச்சின் போக்கையும் தெரிந்துகொள்கிறார். படுத்திருப்பவரின் உடம்பும் இந்தக் கையை நம்பித் தளரத் தொடங்குகிறது. நீவல் அதன் பிறகுதான்.

மசாஜை நான் ஒரு கைவினையாகவே ரசிக்கிறேன். அதில் தேர்ந்தவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்பினாலேயே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கை எவ்வளவு நுட்பமாகத் தேர்ந்திருக்கிறதோ, அந்தக் கை செய்வதைப் பற்றிப் பேசும் பேச்சும் அவ்வளவு அளவோடு இருக்க வேண்டும். நிரூபணம் இல்லாத பெருமைகளைக் களைந்துவிட்டால் இந்தக் கலை சிறுத்துவிடாது. அதன் உண்மையான அழகு இன்னும் தெளிவாகத் தெரியும்.

மேலைநாட்டு மசாஜ் பள்ளிகளில் அடிப்படையாகக் கற்றுத்தரும் அசைவுகள் ஐந்து: நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வூட்டுதல். ஸ்வீடிஷ் மசாஜ் எனப்படும் இந்த முறையை உருவாக்கியவர் ஸ்வீடனின் பெர் ஹென்ரிக் லிங் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். 1813-ல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகத்தை நிறுவிய லிங்கின் அக்கறை பெரும்பாலும் மருத்துவ உடற்பயிற்சியில்தான் இருந்தது. கையசைவுகளை வகைபிரித்து மருத்துவர்கள் மதிக்கும்படி செய்ததில் பெரும்பங்கு நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் உரியது. பாதச் சுளுக்கைத் தேய்த்துக் குணப்படுத்துவது பற்றி 1868-ல் ஆய்வேடு எழுதியவர் அவர்.

நம் சித்த மருத்துவத்தில் இதற்கு இணையானது தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதன் வகைகள் ஒன்பது. மேலைநாட்டு முறையின் ஐந்தும் பெரும்பாலும் தோலிலும் தசையிலும் நிகழ்பவை. தொக்கணத்தின் பட்டியலோ மூட்டையும் உடம்பின் கிடையையும் சேர்த்துக்கொள்கிறது. இழுப்பதும் மல்லாத்துவதும் அசைப்பதும், படுத்திருப்பவரின் உடம்பையே நகர்த்திப் பார்க்கும் செயல்கள். வலியைக் குறுகிய ஓர் இடத்தில் தேடாமல், உடம்பு எப்படி அசைகிறது என்று பார்க்கும் இந்தப் பார்வையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எந்த மரபாக இருந்தாலும் தேர்ச்சி வெளிப்படுவது இரண்டில்: காலம், எடை. தேர்ந்தவரின் நீவல் நல்ல ஆலாபனையைப் போல மெல்லத் தொடங்கி, இடம் பார்த்து நின்று, திரும்ப வந்து, அடுத்த இடத்துக்கு நகரும். அழுத்தம் மெதுவாக உள்ளே போகும், காத்திருக்கும், மெதுவாகவே வெளியே வரும். எண்ணெய் எடுக்க ஒரு கை விலகும்போது மறு கை உடம்பிலேயே இருக்கும். துண்டு விலகுவது வேலை நடக்கும் பகுதியில் மட்டும்தான். இந்தச் சிறு ஒழுங்குகள் சேர்ந்துதான் ஒருவரைக் கண்மூடிக் கிடக்க வைக்கின்றன.

எடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புதியவர் தோளையும் கட்டைவிரலையும் கொண்டு அழுத்துவார். சில ஆண்டுகளில் அந்தக் கட்டைவிரல் மூட்டே நோகத் தொடங்கும். தேர்ந்தவர் ஒரு காலை முன்வைத்து நின்று, மணிக்கட்டை மடக்காமல், தன் உடம்பின் எடையை முன்னால் சாய்க்கிறார். ஆழம் வேண்டிய இடத்தில் விரலுக்குப் பதிலாக முன்கையோ முழங்கையோ வருகிறது. கட்டிலின் உயரத்தையும் அதற்கேற்ப வைத்திருப்பார். பார்ப்பதற்கு அவர் ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும். படுத்திருப்பவர் உணரும் அழுத்தமோ ஆழமாகவும் சீராகவும் இருக்கும்.

மெதுவான வருடல் ஏன் இதமளிக்கிறது என்பதற்கு அறிவியலில் அழகான ஒரு விளக்கம் உண்டு. முடி வளரும் தோலில் சி-டாக்டைல் என்ற மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. மிக இதமானது என்று மக்கள் சொல்லும் வேகமும் அதுவே என்று 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அது மென்மையான வருடலைப் பற்றிய ஆய்வு. முழங்கையால் அழுத்துவதற்கும் அதையே சான்றாக நீட்டினால் வரம்பு மீறியதாகும். இந்த வரம்பைக் காப்பதும் தொழில் நேர்த்தியில் ஒரு பகுதி.

வரம்பு காத்ததால் இந்தத் தொழில் உயர்ந்த வரலாறு லண்டனில் இருக்கிறது. மசாஜ் என்ற பெயரில் ஒழுக்கக்கேடான தொழில் நடந்த இடங்களை 1894-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அம்பலப்படுத்தியது. நேர்மையாகத் தொழில் செய்தவர்களின் பெயரும் அதில் கெட்டது. அதே ஆண்டில் ரோசலிண்ட் பேஜெட், லூசி ராபின்சன், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்ற நான்கு பெண்கள் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். தேர்வு நடத்தினார்கள், சான்றிதழ் தந்தார்கள், நடத்தை விதிகளை எழுதினார்கள். மருத்துவர் சொல்லாமல் மசாஜ் செய்யக் கூடாது, நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது, பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் தரக் கூடாது என்பவை அவற்றுள் சில. 1920-ல் அரச பட்டயம் பெற்ற அந்தச் சங்கம்தான் இன்று பிரிட்டனின் பிசியோதெரபிஸ்டுகளுக்கான தலைமைச் சங்கம். தங்கள் பேச்சைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொண்டதால் அவர்கள் மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள்.

இன்று மசாஜ் நிலையங்களின் சுவரில் தொங்கும் பட்டியல்களைப் படிக்கும்போது அந்த நால்வரை நினைத்துக்கொள்கிறேன். உடலின் நச்சுகளை வெளியேற்றும் என்பது முதல் வரி. எந்த நச்சு, எந்த வழியாக என்று கேட்டால் பதில் இருக்காது. கழிவைப் பிரித்து அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. முதுகைப் பிசைவதால் அந்த வேலை கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை. விளையாட்டு வீரர்களிடம் லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுப்பதாகச் சொல்வார்கள். கடும் பயிற்சிக்குப் பின் சேரும் அந்த அமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானாகவே குறைந்துவிடுகிறது. மறுநாள் வரும் தசைவலிக்கு அது காரணமும் இல்லை. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மசாஜ் தசைக்குள் ரத்த ஓட்டத்தைத் தடுத்து, அமிலம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தியதாகவே தெரியவந்தது.

தசையைப் போர்த்தியிருக்கும் ஃபேசியா என்ற இணைப்புத் திசுவை அழுத்தி நீட்டி உருமாற்றுவதாகச் சொல்லும் முறைகளும் பல. தொடையின் பக்கவாட்டிலும் உள்ளங்காலிலும் இருக்கும் கெட்டியான ஃபேசியாவை ஒரு சதவீதம் அழுத்துவதற்கே எவ்வளவு விசை வேண்டும் என்று 2008-ல் சௌத்ரியும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கையால் சாதாரணமாகத் தரக்கூடிய விசையைவிட அது மிக அதிகம் என்று தெரிந்தது. அழுத்தியதும் இளகிப்போனதாகக் கைக்குத் தோன்றுவது பொய் அனுபவம் இல்லை. பெரும்பாலும் நரம்பு மண்டலம் தளர்ந்ததன் விளைவாக இருக்கலாம். உணர்ந்தது மெய், அதற்குத் தந்த காரணம்தான் பிழை.

தொடாமலேயே ஆற்றலைச் சரிசெய்வதாகச் சொன்ன ஒரு முறையை எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி சோதித்தது இந்தத் துறையில் எல்லோரும் அறிய வேண்டிய கதை. ஒன்பது வயதில் அவர் செய்த சோதனை மிக எளியது. நடுவே அட்டைத் திரை. திரைக்கு அப்பால் நீண்டிருக்கும் வல்லுநரின் இரு கைகளில் ஏதோ ஒன்றின்மேல் சிறுமி தன் கையைக் காட்டுவார். எந்தக் கை என்று வல்லுநர் சொல்ல வேண்டும். 21 பேரிடம் 280 முறை கேட்டதில் 44 சதவீதம்தான் சரியான விடை. நாணயம் சுண்டிச் சொல்லியிருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் அது வெளியானது.

நம் வர்ம மரபுக்கும் இதே கேள்வியை மரியாதையோடு வைக்க வேண்டும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களை வரையறுத்த நுணுக்கத்தை ஆசான்கள் தலைமுறைகளாகக் காத்துவந்திருக்கிறார்கள். குறிப்பிட்ட அந்தப் புள்ளியை அழுத்துவதும், சற்றுத் தள்ளி வேறோர் இடத்தை அழுத்துவதும் வேறுபட்ட பலன் தருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மரபின்மேல் நம்பிக்கை உள்ளவர்தான் அந்தச் சோதனையை முதலில் கேட்க வேண்டும்.

களைந்தது போக நிற்பது எவ்வளவு? கணிசமாகவே நிற்கிறது. 2004-ல் கிறிஸ்டோபர் மோயரும் உடன் ஆய்வாளர்களும் 37 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பல அமர்வுகளாகச் செய்த மசாஜ், பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறிப்பிடத்தக்க அளவு குறைத்திருந்தது. உளவியல் சிகிச்சையின் பலனோடு ஒப்பிடத்தக்க அளவு அது. அதே மோயர்தான், மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலை மசாஜ் பெரிதாகக் குறைப்பதில்லை என்று 2011-ல் காட்டினார். 2012-ல் 11 இளைஞர்களைக் கொண்டு செய்த ஆய்வில், கடும் பயிற்சிக்குப் பின் 10 நிமிடம் மசாஜ் செய்த காலின் தசையில் அழற்சிக் குறிகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தில் மாற்றம் இல்லை. இடுப்பு வலிக்கான 25 ஆய்வுகளைப் பரிசீலித்த 2015-ன் காக்ரேன் அமைப்பின் அறிக்கை, குறுகிய கால நிவாரணம் கிடைக்கலாம், ஆனால் சான்றின் தரம் குறைவு என்றது. ஆக, மனம் அமைதியாகிறது, வலி சில காலம் தணிகிறது, உடம்பு இளகியதாகத் தோன்றுகிறது. வலியோடு வாழ்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தொழிலை மேம்படுத்த விரும்புபவருக்கு வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. வலிக்காக மசாஜுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அது மிகக் கடுமையாக இருக்கும்போதுதான் வருவார்கள். பல வலிகள் அதற்குப் பிறகு தாமாகவே தணியும். அதனால் எந்த முறையும் பலித்ததுபோல் தோன்றும். வந்தவருக்கு எதைச் செய்ய முடியவில்லை, கையைத் தூக்கவா, குனியவா, தூங்கவா என்று முதலில் கேட்டு எழுதி வைத்து, முடிந்த பிறகும் ஒரு வாரம் கழித்தும் அதையே கேட்டால் நினைவின் மயக்கம் குறையும். இன்னொரு பயிற்சியும் உண்டு. இரண்டு பேர், ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல், ஒரே முதுகில் இறுகிய இடங்களைத் தனித்தனித் தாளில் குறிக்கலாம். தசை முடிச்சுகளைக் கையால் கண்டறிவதில் வல்லுநர்களுக்குள்ளேயே ஒற்றுமை குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த இரு தாள்களையும் ஒப்பிட்டவர், இங்கேதான் கோளாறு என்று அடித்துச் சொல்வதை விட்டு, இங்கே வலிக்கிறதா என்று கேட்கத் தொடங்குவார். கேட்கத் தெரிந்த பிறகு கை இன்னும் நுட்பமாகும்.

எப்போது தொடக் கூடாது என்ற அறிவுதான் இந்தத் தொழிலின் உச்சம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்த உறைவாக இருக்கலாம். தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே எடுக்கக்கூடும். காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றோடு வரும் முதுகுவலியை மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் கழுத்தைத் திடீரென்று திருப்பிச் சொடக்கு எடுக்கும் வழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படுக்கும் முன், இது எனக்கு என்ன செய்யும் என்று கேளுங்கள். நச்சு, ஆற்றல், அமிலம் என்று நீண்ட பதில் வந்தால் யோசியுங்கள். வலி கொஞ்சம் குறையலாம், நன்றாகத் தூக்கம் வரலாம், அழுத்தம் அதிகமானால் உடனே சொல்லுங்கள் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் தயங்காமல் படுங்கள். கேட்ட கூலியை மனமுவந்து கொடுங்கள். இந்தக் கலை வளர்வது அவரைப் போன்றவர்களால்தான்.