மனச்சிதைவு என்னும் கலைச்சொல்: ஒரு மறுபார்வை

1908-இல் ஆய்கன் பிளாய்லர் அறிமுகப்படுத்திய 'ஸ்கிசோஃப்ரினியா' என்னும் சொல் பிளவுபட்ட மனத்தைக் குறிப்பது. தமிழில் வழங்கும் 'மனச்சிதைவு' பிளவையும் கடந்து அழிவைச் சுட்டுகிறது. திருத்தணியை அடுத்த நெசவூரான அம்மையார்குப்பத்தில் தன் 16 வயது மகனுக்கு இந்நோய் எனக் கேட்கும் ஒரு தாய்க்கு அச்சொல்லில் மீட்சிக்கு இடமில்லை. மீட்சியை நோக்கமாகக் கொண்டே 1984-இல் சாரதா மேனன் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். சொல் மட்டும் மாறவில்லை.

அறிவியலும் அழிவைப் பேசவில்லை. 1990களில் கார்ல் ஃபிரிஸ்டன் முதலியோர் முன்வைத்த கருதுகோள், மூளைப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பின் பிறழ்வையே அடிப்படையாகக் கொள்கிறது. வளரிளம் பருவத்தில் மூளை மிகையான நரம்பிணைப்புகளைக் களைந்து தன்னைச் சீரமைத்துக்கொண்டிருக்கும். அப்பருவத்திலேயே நோயுற்றோரின் மூளை இணைப்பில் வேறுபாடுகள் காணப்படுகின்றன. எனினும் அவை குழுச் சராசரிகள். ஒருவரது மூளைப் படத்தை மட்டும் கொண்டு நோயை அறுதியிட இயலாது. ஆகவே 'இணைப்புக் கோளாறு' எனப் பெயரிடுவதும் அவசரமே.

ஜப்பான் 2002-இல் பிளவைக் குறித்த பழம்பெயரை நீக்கி, ஒருங்கிணைவுக் குறையைக் குறிக்கும் பெயரை ஏற்றது. கொரியா 2011-இல் தேர்ந்த பெயரோ யாழ் போன்ற கருவியின் நரம்பைச் சுருதி கூட்டுவதை உருவகமாக்கியது. அப்பெயர் உடற்கூற்றுக் காரணம் எதையும் சாதிக்கவில்லை. சுருதி கலைந்ததை மீண்டும் கூட்டலாம் என்பதை மட்டும் உணர்த்துகிறது.