சிங்கன் தேடிய சிங்கி

பல்லக்கிலே ஒருவர் பவனி வருகிறார். தெருவிலே நின்ற பெண்கள் அனைவரும் அவரைக் கண்டதும் மயங்குகிறார்கள். ஒருத்தியின் வளை கழலுகிறது, ஒருத்தியின் மேகலை நெகிழ்கிறது. இதற்குப் பெயர் சிருங்காரம்! காணாமற்போன மனைவியைத் தேடி ஊர் ஊராக அலைகிறான் ஓர் ஏழை வேடன். தோழனிடம் புலம்புகிறான், அவளைக் கண்டதும் கட்டித் தழுவத் துடிக்கிறான். இதற்குப் பெயர் ஆபாசம்! இரண்டும் ஒரே நூலில்தான் உள்ளன. ஒரே புலவர் பாடியவை, ஒரே மேடையில் ஆடியவை. ஆயினும் முன்னதற்குப் பட்டுச் சால்வை, பின்னதற்கு முகச்சுளிப்பு! இந்தத் தராசு எந்தக் கடையில் செய்தது என்று கேட்கவே இக்கட்டுரை.

குறவஞ்சி என்னும் நாடக வகையைத் தமிழறிந்தோர் அறிவர். தலைவன் உலா வருவான். தலைவி காதல் கொள்வாள். நிலவையும் தென்றலையும் வைவாள். குறத்தி வந்து குறி சொல்லிப் பொன்னும் மணியும் பெற்றுப் போவாள். அதன் பிறகே சிங்கன் வருவான். அவன் குறத்தியின் கணவன், பறவை பிடிப்பவன். நூவன் என்னும் தோழனைக் கூட்டிக்கொண்டு, பிரிந்துபோன சிங்கியைத் தேடி வழிநெடுக அலைவான். நட்பும் பிரிவும் நகைச்சுவையும் கொச்சைப் பேச்சும் கலந்த பயணக் கூத்து அது. ஆங்கிலப் படக்காரர்கள் இன்று புதுமை என்று விற்கும் சரக்கு, நம் காவிரிக் கரையில் பழஞ்சரக்கு!

தஞ்சைக்கென்றே ஒரு குறவஞ்சி உண்டு. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, பெரிய கோயில் விழாவில் ஆடப்பட்டது. அதன் தலைவன் இரண்டாம் சரபோஜி மன்னர், தலைவி மதனவல்லி. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த சரபோஜியின் கல்விப் பணியை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு எஞ்சியது கோட்டையும், ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான். வரி தண்டியவன் வெள்ளையன். வாள் பிடித்தவன் வெள்ளையன். மேடையிலோ, உலகெலாம் நடுங்கும் வீரராக மன்னர் உலா வருகிறார். ஊர்ப் பெண்கள் உள்ளம் உருகுகிறார்கள். நாடு போன பிறகு நாடகத்திலே நாடாளும் காட்சி! ஆடியவர் யார்? பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடப்பட்ட பெண்கள். விரும்பியவனை மணக்கும் உரிமை பறிக்கப்பட்டவர்கள், விரும்பி உருகுவதாக ஆண்டுதோறும் நடிக்க வேண்டியிருந்தது. இதனைவிடக் கொடிய ஆபாசம் எது?

இனிச் சிங்கனிடம் வருவோம். நூலுக்கு நூல் ஊரும் பேரும் மாறினாலும் அவன் கதை பெரிதும் மாறுவதில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் அது முழு அழகோடு இருப்பதால், பொருநை நாட்டு நூலாயினும் அதனையே எடுத்துக்கொள்வோம்.

சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். பறவைகள் மேய்கிற வயல்களோ கோயிலுக்குரியவை. கண்ணி வைக்கிறான், ஆனால் கண்ணிலே நிற்பவள் சிங்கி. கை தளர்கிறது, பறவை பறக்கிறது. தலைவிக்குக் காதல் வந்தால் சந்தனம் பூசப் பத்துத் தோழியர் உண்டு. சிங்கனுக்குக் காதல் வந்தால் அன்றைய பிழைப்பே போகிறது! ஏழையின் காதலுக்கு விலை உண்டு என்பதைக் கவிராயர் சிரிக்கச் சிரிக்கக் காட்டிவிடுகிறார்.

தோழன் நூவனைப் பாருங்கள். தலைவியின் தோழி ஏவல் செய்யும் பெண். நூவனோ ஏவலாள் அல்லன். கூடப் பசித்திருப்பவன், கூட அலைபவன். சிங்கியைக் காட்டிவிட்டால் பெண்களைப் பின்தொடரச் செய்யும் மாயப் பொடி தருகிறேன் என்று அவனுக்கு ஆசை காட்டுகிறான் சிங்கன். அத்தகைய பொடியைக் கையில் வைத்திருப்பவன் தன் மனைவியைத் தேடி ஏன் தெருத்தெருவாக அலைய வேண்டும்? இந்தக் கேள்வி எழாத உள்ளம் உண்டா? வசிய மருந்தையும் மந்திரத்தையும் பற்றி நூறு மேடையில் பேச வேண்டியதை ஒரு நகைச்சுவையிலே உடைத்துவிடுகிறது இந்தக் கூத்து.

குறிக்கும் அதே கதிதான். தெய்வங்களை எல்லாம் அழைத்துவிட்டுக் குறத்தி சொல்வது என்ன? நீ ஒருவன்மேல் காதல் கொண்டாய் என்பது. வாடிய முகமும் உறங்காத கண்ணும் சொல்லாததையா தெய்வம் வந்து சொல்லிவிட்டது? குறி கேட்பவளின் அறியாமையே குறி சொல்பவளின் வயிற்றுக்குச் சோறு. குறத்தியைக் குறை கூறும் முன், அவளுக்கு வேறு தொழில் தந்தோமா என்று கேட்டுக்கொள்வது நேர்மை.

கடைசியிலே சிங்கி கிடைத்துவிடுகிறாள். உடம்பெல்லாம் புது நகை! காலிலே சுற்றியிருப்பது பாம்போ, பூச்சியோ என்று மிரளுகிறான் சிங்கன். இன்ன ஊரில் குறி சொல்லிப் பெற்ற அணி என்று ஒவ்வொன்றுக்கும் விடை தருகிறாள் அவள். தனியே போனாய், நகையோடு வந்தாய் என்ற ஐயம் அவன் கேள்வியில் இருக்கிறது. ஆனால் அந்த ஐயம் சிரிப்பிலே பிறந்து சிரிப்பிலே மடிகிறது. பிரிந்திருந்த மனைவியைக் கண்டதும் தீயிலே இறங்கச் சொன்ன அவதார புருடனின் கதையை இந்நாட்டிலே பாராயணம் செய்கிறார்கள். தன் உழைப்பால் பொருள் ஈட்டித் திரும்பிய மனைவியின் சொல்லை நம்பிய சிங்கனின் கதையை மட்டும் கீழ்த்தரம் என்கிறார்கள்! யார் உயர்ந்தவன்? பகுத்தறிவுள்ள இளைஞரே விடை கூறட்டும்.

பேச்சிலே கொச்சை உண்டு, நாம் மறைக்கவில்லை. இரு பொருள்படப் பேசுகிறான் சிங்கன். இது வெட்டவெளி, வேண்டாம் என்று தடுக்கிறாள் சிங்கி. அவன் கெஞ்சுகிறானேயன்றி அதட்டவில்லை. அவள் நாணிக் குனியவில்லை. சொல்லுக்குச் சொல் திருப்பி அடிக்கிறாள். பழைய தமிழ் மேடையில் ஓர் ஆணும் பெண்ணும் சரிநிகராக நின்று வாயாடிய இடங்களைத் தேடினால், இத்தெருக்கூச்சல் முன்வரிசையில் வந்து நிற்கும்.

இந்தச் சிரிப்பைக் கழுவித் துடைக்க முயன்றவர்களும் தஞ்சையிலேயே இருந்தார்கள். சரபோஜியின் காலத்துத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் பெத்தலகேம் குறவஞ்சி பாடினார். சிங்கியை விசுவாசம் ஆக்கினார், சிங்கனைக் குருவாக்கினார், நூவனை உபதேசியார் ஆக்கினார். கோயிலார் சிங்கனைக் கடவுள் பவனிக்கு வாலாக ஒட்டினர். வேதக்காரர் அவனை மறையுரைக்கு வாயாக மாற்றினர். எந்த மதமானாலும் ஏழையின் காதலை ஏழையின் காதலாகவே விட்டுவைக்க மனமில்லை! ஆனால் அவனை விலக்கவும் முடியவில்லை. அவன் வந்தால்தான் கூட்டம் உட்கார்ந்திருக்கும் என்பதை இரு சாராரும் அறிந்திருந்தனர்.

மேடைச் சிங்கனைப் பார்த்துச் சிரித்த நாடு, மண்ணிலே நடந்த சிங்கனை எப்படி நடத்தியது? 1871இல் வடநாட்டிலே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் பிரிவினர் பலர் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனப் பட்டியலில் எழுதப்பட்டனர். காவல் நிலையத்தில் கைரேகை, ஆள் காட்ட வேண்டிய கட்டாயம், அடுத்த ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு! ஊர் ஊராகப் போவதே சிங்கியின் பெருமை என்று பாடிய நாட்டிலே, ஊர் விட்டு ஊர் போவதே அவள் பிள்ளைகளுக்குக் குற்றமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடெங்கும் 1952இலும் அச்சட்டம் நீங்கிற்று. ஆனால் ஏட்டிலிருந்து நீங்கியது எல்லோருடைய நெஞ்சிலிருந்தும் நீங்கவில்லை.

1993இல் கொள்ளிடத்துக்கு வடக்கே, விருத்தாசலத்தை அடுத்த முதனை ஊரைச் சேர்ந்த குறவர் ஒருவர் திருட்டுப் பழி சுமத்தப்பட்டுக் கம்மாபுரம் காவல் நிலையத்தில் வதைக்கப்பட்டு மாண்டார். தப்பி ஓடிவிட்டார் என்று கதை கட்டப்பட்டது. அங்கே சிங்கியைத் தேடினான் சிங்கன்; இங்கே கணவனைத் தேடி நீதிமன்றம்வரை நடந்தாள் மனைவி. கூத்திலே தேடியவனுக்குத் துணை கிடைத்தாள். வாழ்விலே தேடியவளுக்குப் பிணமும் கிடைக்கவில்லை. குற்றம் புரிந்த காவலர்கள் தண்டனை பெற்றனர். இந்த வழக்கைத் தழுவியே 2021இல் ஜெய் பீம் என்னும் படம் வந்தது. படத்திலே அக்குடும்பம் இருளர் குடும்பமாகக் காட்டப்பட்டது.

2023ஆம் ஆண்டில், சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையைத் தொடர்ந்து, குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் நடந்துவந்த ஆட்டத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. எம் பெயரைச் சொல்லி எம் பெண்களை இழிவுபடுத்தாதீர் என்று அம்மக்கள் கேட்டார்கள், அக்குரல் நியாயமானது. ஒரு குலத்தின் பெயரை வசைச்சொல்லாக்கிக் காசு பார்ப்பதைக் கலையுரிமை என்று நாம் வாதாட மாட்டோம். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 1944இல் கலாட்சேத்திரம் மேடையேற்றிய குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாக மதிப்புப் பெற்றது. ஊர்த் திடலில் ஆடினால் விரசம், சபாவிலே ஆடினால் சுவை என்னும் பாகுபாட்டின் அளவுகோல் எது? உடலசைவா, ஆடுபவரின் குலமா, பார்ப்பவரின் நுழைவுச்சீட்டு விலையா?

நாம் வேண்டுவது இதுதான். இழிவு போகட்டும், சிரிப்பு இருக்கட்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாம் பிறந்த சூழலின் கொடுமையை 1936இல் தாசிகள் மோசவலை என்னும் நாவலாக எழுதியபோது, மேடையிலே ஆட்டிவைக்கப்பட்ட பெண் எழுதுகோல் எடுத்தாள். 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. அதுபோலவே சிங்கனும் சிங்கியும் பிறர் வாயில் கேலிப்பொருளாக இல்லாமல், தம் வாயாலே தம் காதலையும் தம் பயணத்தையும் சொல்லும் நாள் வரவேண்டும். அவர்கள் கொச்சையாகவே பேசட்டும். குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைக்கட்டும். அந்தக் கூத்திலே பல்லக்கு வேண்டாம், பவனி வேண்டாம், கட்டியங்காரனும் வேண்டாம். தேடுகிற ஒருவன், துணை நிற்கும் ஒரு தோழன், தன் காலில் நிற்கும் ஒருத்தி, நடந்து போக ஒரு தெரு — இவை போதும்.

அந்தத் தெருவிலே அவர்களை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று அதட்ட எவனுக்கும் உரிமை இல்லாதிருக்க வேண்டும்.