முதலில் வேர், பிறகு தண்ணீர்

செடித் தொட்டி வைக்க ஆசைப்பட்டு யார் என்னிடம் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: ஒன்றரை மாதத்துக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பாதீர்கள். மண்ணைப் பரப்புங்கள், கல்லை அடுக்குங்கள், செடியை நடுங்கள், மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி விளக்கைப் போடுங்கள். செடி தன்பாட்டுக்கு வேர் விட்டுப் படர்ந்து தரையெல்லாம் பச்சையான பிறகு தண்ணீரை விடலாம். தொட்டி வைக்கிறவர்கள் இதை ‘டிரை ஸ்டார்ட்’ என்கிறார்கள். நான் பார்த்த, செய்த, கேள்விப்பட்ட எந்த முறையும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது என்று அடித்துச் சொல்வேன். அதிலும் ஓசூர்க்காரர்கள் வேறு முறையைத் தேடவே வேண்டாம். இந்த ஊரின் காற்றும் கல்லும் கடைத்தெருவும் சேர்ந்து இதற்குக் கைகொடுக்கின்றன.

இதன் சூட்சுமம் ஏரிக்கரையில் இருக்கிறது. கடையில் அக்வேரியம் செடி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை பிறவியிலேயே நீருக்குள் வாழ்பவை அல்ல. சதுப்பிலும் வயல் வரப்பிலும் ஏரி ஓரத்திலும் வளர்பவை. தண்ணீர் உள்வாங்கியதும் ஈரச் சேற்றில் வேர் பிடித்துப் படரும். மழை வந்து ஏரி நிரம்பினால், மூழ்கியபடியே வாழப் பழகிக்கொள்ளும். வரப்பில் பறித்து வந்து சமைக்கிற ஆரைக்கீரை அந்தக் குலம்தான். ஞாபகசக்திக்கு என்று கொடுக்கும் நீர்ப்பிரமியும் அதுதான்; உலகமெங்கும் மீன் கடைகளில் ‘பக்கோபா’ என்ற பெயரில் அதையும் விற்கிறார்கள். செக்கச்செவேலென்ற இலைக்காகப் பல நாட்டுக்காரர்களும் தேடி அலையும் ரொட்டாலா மக்ராண்ட்ரா நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி. ஆக, டிரை ஸ்டார்ட்டில் நாம் புதிதாக எதையும் திணிப்பதில்லை. முதலில் ஈரக் கோடை, பிறகு மழைக்காலம். செடிக்கு ஏற்கெனவே தெரிந்த பருவங்களைக் கண்ணாடிக்குள் வரிசை மாறாமல் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

செடி ஏன் இப்படிக் கொழிக்கிறது என்பதற்குக் காரணம் காற்று. செடிக்குச் சாப்பாடு கார்பன் டை ஆக்சைடு. அது தண்ணீருக்குள் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கு. சாதாரணத் தண்ணீரில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடக் கரைந்திருப்பதில்லை. அதனால்தான் செடித் தொட்டி வைப்பவர்கள் சிலிண்டர் வைத்து, லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு அதை ஏற்றுகிறார்கள். வெளிக்காற்றிலோ அது இலவசம். ஒவ்வொரு இலையையும் தானே தேடி வருகிறது. இன்னொரு பெரிய வரம், பாசித் தொல்லை கிடையாது. புதுத் தொட்டிகளைப் பாழாக்கும் பச்சைப் பாசியும் பழுப்புப் பாசியும் மிதந்து திரியத் தண்ணீரே இல்லையே! விளக்கைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டாலும் பயமில்லை.

மூடிய கண்ணாடிக்குள் செடி வளர்ப்பது பழைய வித்தை. லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் 1829-இல், மூடிவைத்த கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பெரணி முளைத்துத் தழைப்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் தேயிலைக் கன்றுகள் சீனாவிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. 1860-களில் நீலகிரிக்குச் சின்கோனாக் கன்றுகளும் அப்படியே வந்தன. மீன் தொட்டிக்கு இந்த உத்தியைப் பரவலாக்கிய பெருமை அமெரிக்கரான டாம் பாருக்கு உரியது. அந்த மனிதருக்கு நான் மானசீகமாக நன்றி சொல்லாத வாரமில்லை.

சரி, ஓசூருக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரம். சென்னை நண்பர்கள் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்க மின்விசிறி, சில்லர் என்று திண்டாடும்போது, நாம் சும்மா இருந்தாலே போதும். இந்தக் காற்றை நம்பித்தானே அமுதகொண்டப்பள்ளி வரைக்கும் ரோஜாப் பசுமைக்குடில்கள் எழுந்து நிற்கின்றன, காதலர் தினத்துக்கு வெளிநாடுகளுக்குப் பூ போகிறது! எனக்கு டிரை ஸ்டார்ட்டின் நெளிவுசுளிவைச் சொல்லித் தந்ததும் ஒரு ரோஜாக் குடில் மேற்பார்வையாளர்தான். “காலையில அடிங்கண்ணா ஸ்ப்ரே. சாயங்காலம் அடிச்சா ராத்திரி பூரா இலையில தண்ணி நிக்கும், பூஞ்சை புடிச்சுக்கும்” என்றார். தங்கமான வார்த்தை. செடித் தொட்டியைப் பற்றி எங்கெங்கோ தேடியபோது கிடைக்காத அறிவு, நம்மூர்க் குடிலில் டீ குடித்துக்கொண்டே கிடைத்தது.

கல்லுக்கு எங்கும் போக வேண்டாம். ஜப்பானின் தகாஷி அமானோ செடித் தொட்டிக் கலையை உலகுக்குக் காட்டியவர். 2015-இல் மறைவதற்கு முன், லிஸ்பன் மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு நீருக்கடியில் ஒரு காட்டையே அமைத்துவிட்டுப் போனார். கல்லும் புல்லும் மட்டும் வைத்து அவர் செய்த ‘இவாகுமி’ அமைப்புக்காக, இறக்குமதியான கற்களைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நாம் உட்கார்ந்திருப்பதோ கிரானைட் மாவட்டத்தில். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துப் பட்டறைகளில் கேட்டால், மெருகு போடாத சிதறு கற்களை எடுத்துக்கோங்க என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான பாறை வரிசையைச் சேர்ந்த கல். சாம்பலும் இளஞ்சிவப்பும் வரிவரியாக ஓடும். ரம்பம் பட்ட முகத்தைத் தவிர்த்துவிட்டு, தானாக உடைந்த முகம் உள்ளதைப் பொறுக்க வேண்டும். ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக் கல் என்றால் நுரைக்கும். அதைத் தொட்டியில் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறிவிடும். நம் கருங்கல் அசையாது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, பெரிய கல்லை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, லேசாகச் சாய்த்து வைத்தால், இரண்டடித் தொட்டிக்குள் ஒரு கிருஷ்ணகிரி மலை எழுந்து நிற்கும்.

மண்ணுக்கு ‘ஆக்வா சாயில்’ என்ற உருண்டை மண். முன்பக்கம் மூன்று சென்டிமீட்டர், பின்பக்கம் எட்டு, பத்து என்று சரிவாகப் போட்டு, கண்ணாடி வழியே பார்த்தபடி தண்ணீர் விட வேண்டும். நீர்மட்டம் முன்பக்க மண்ணின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். மண் நனைந்திருக்கணும், குளமாகக் கூடாது.

அடுத்தது நடவு. இந்த வேலையின் சுகத்தை எப்படிச் சொல்வேன்! ஆய்வகத்தில் திசு வளர்ப்பு செய்து டப்பாவில் அடைத்து வரும் மான்டே கார்லோ செடியை எடுத்து, அதன் ஜெல்லியைத் தண்ணீரில் அலசினால், விரல் நுனியளவு கொத்துகளாகப் பிரியும். வளைந்த முனை கொண்ட இடுக்கியால் ஒவ்வொரு கொத்தின் அடியையும் பிடித்து, மண்ணுக்குள் சாய்வாகச் செருகி, லேசாக ஆட்டிவிட்டு இடுக்கியை உருவ வேண்டும். ஒன்றுக்கொன்று ஒரு விரற்கடை இடைவெளி. நெல் நாற்று நடுவதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிச் செய்கிற மாதிரியான வேலை. தண்ணீர் நிறைந்த தொட்டியில் இதையே செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: இங்கே ஒன்றை நட்டால் அங்கே இரண்டு மிதக்கும். ஈர மண்ணில் நட்டதோ நட்ட இடத்தில் நிற்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இலை கொண்ட எச்.சி. க்யூபாவைக்கூட இப்படி நிம்மதியாக நடலாம்.

பிறகு சமையலறையில் பயன்படும் கிளிங் ஃபிலிமால் மேலே இறுக்கி மூடிவிட வேண்டியதுதான். தினமும் காலையில் ஓரத்தைத் திறந்து சில நிமிடம் காற்று மாற்றி, லேசாக ஸ்ப்ரே அடிப்பேன். அந்தக் கணத்தில் குபீரென்று ஒரு மண்வாசனை வரும் பாருங்கள், முதல் மழையின் வாசனை! அதற்காகவே இந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் வாரங்களில் ஒன்றும் நடக்காது. நடக்காத மாதிரி தெரியும், ஆனால் கண்ணாடியோரம் குனிந்து பார்த்தால் மண்ணுக்குள் வெள்ளை வேர்கள் நூலாக இறங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒருநாள் கொத்திலிருந்து ஒரு கொடி தரையோடு தரையாக ஊர்ந்து பக்கத்துக் கொத்தைத் தொடும். அன்றிலிருந்து ஓட்டம்தான். கல்லின் அடிவாரத்தைச் சுற்றி, சரிவில் ஏறி, மண்ணே தெரியாமல் மூடிவிடும். எங்காவது வெள்ளைப் பூஞ்சை தென்பட்டால் அந்த இலையை எடுத்துவிட்டுக் காற்றோட்டத்தைக் கூட்டினால் சரியாகிவிடும். மார்கழிக் குளிரில் வளர்ச்சி மந்தமாகும். தை, மாசியில் தொடங்குவதே நல்லது.

ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான பொழுதுபோக்கு இருக்க முடியாது. விளக்குக்கு டைமர் போட்டுவிட்டால், காலை ஷிப்டோ இரவு ஷிப்டோ, ஸ்ப்ரே பாட்டிலுக்கு இரண்டு நிமிடம் போதும். தண்ணீர்ச் சிக்கனத்தையும் சொல்லியாக வேண்டும். புது ஆக்வா சாயிலில் நேராகத் தண்ணீர் நிரப்பினால், அது கக்கும் அம்மோனியாவுக்காக ஆரம்ப நாட்களில் தினமும் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்வார்கள். 65 லிட்டர் பிடிக்கிற இரண்டடித் தொட்டிக்கே தினம் முப்பது லிட்டர் சாக்கடைக்குப் போகும். லாரித் தண்ணீரை எதிர்பார்த்து இருக்கும் தெருக்களில் இதற்கு மனசு வருமா? போர்வெல் தண்ணீரிலோ உப்பு அதிகம். டிரை ஸ்டார்ட்டில் அந்த வாரங்கள் முழுக்க ஒரு பாட்டில் ஆர்.ஓ. தண்ணீரில் ஓடிவிடுகின்றன. ஈர மண்ணிலேயே பாக்டீரியாக்களும் குடியேறத் தொடங்கிவிடுவதால் பின்னால் மாற்றும் தண்ணீரும் குறைகிறது.

தண்ணீர் நிரப்பும் நாளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கட்டாயம். காற்றில் தாராளமாகச் சாப்பிட்டுப் பழகிய செடியைத் திடீரென்று பட்டினி போடக் கூடாது. இங்கேதான் சிப்காட் தொழிற்பேட்டை உள்ள ஊரின் அருமை தெரியும். பெரிய நகரங்களில் சிலிண்டர் நிரப்ப எங்கெங்கோ தேடுகிறார்கள், ஓசூரில் சி.ஓ.டூ வெல்டிங் பட்டறை எத்தனை, அவற்றுக்குக் கேஸ் கொடுக்கும் கடைகள் எத்தனை! என் சின்னச் சிலிண்டரைப் பார்த்ததுமே கடைத் தம்பி, “மீன் தொட்டிக்காண்ணா?” என்று கேட்டுவிட்டான். எனக்கு முன்னால் பலர் வந்து போயிருக்கிறார்கள். விளக்குத் தாங்கிக்கு அலுமினியச் சட்டம், ரெகுலேட்டருக்கு வாஷர், எதைக் கேட்டாலும் நடக்கிற தூரத்தில் கிடைக்கிறது. டூல் ரூமில் மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கும் கைகள் இந்த ஊரில் நிறைய. அந்தக் கைகள் இடுக்கி பிடித்தால் எப்பேர்ப்பட்ட தொட்டிகள் பிறக்கும்!

நிரப்பும் நாள் எங்கள் வீட்டில் திருவிழா. பச்சைத் தரைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்து, அதன்மேல் மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை விட்டேன். நீர்மட்டம் இலை இலையாக ஏறியது. ஒவ்வோர் இலையும் ஒரு வெள்ளிக் காற்றுப்படலத்தைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனது. ஒரு செடிகூடப் பெயரவில்லை, ஒரு கொத்துகூட மிதக்கவில்லை! வேர் அத்தனை ஆழமாகப் பிடித்திருந்தது. சில நாள் கழித்து, விளக்கு போட்டுச் சில மணி நேரத்தில் கம்பளம் முழுக்க ஊசிமுனைக் குமிழ்கள். செடி விடும் ஆக்சிஜன், கரைய இடமில்லாமல் இலைநுனியில் திரண்டு, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே ஓடும். எங்கள் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீரியல் நேரத்தில் டி.வி.யை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா?

நிரப்பியதும் விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். பாசி இப்போதுதான் சந்தர்ப்பம் பார்க்கும். காற்றில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சும் சுவாசத் துளைகளும் உண்டு. நீருக்குள் அவை உதவாது என்பதால் செடி மெல்லிய புது இலைகளை விடும், பழையவற்றில் கொஞ்சம் கரையும். கலங்க வேண்டாம். கரைந்ததை உறிஞ்சி எடுத்துத் தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றினால் போதும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று சோதனைக் குப்பி காட்டும் வரை மீனுக்கு அவசரப்படாதீர்கள். முதலில் இறால், பிறகு சின்ன மீன்.

எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது. கபோம்பா, வேலிஸ்னேரியா இரண்டும் முழு நீர்வாசிகள். அவற்றைத் தண்ணீர் விட்ட பிறகுதான் வைக்க வேண்டும். அனுபியாஸ், இலங்கையின் கிரிப்டோகோரின் வகைகள் ஆனந்தமாக வளரும். மாஸ் செடியைத் தயிரில் அடித்துக் கல்லில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூஞ்சைக்கு விருந்து வைக்கிற வேலை. நூலால் கட்டினாலோ, துளி ஃபெவிக்விக் தொட்டு ஒட்டினாலோ அழகாகப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த தொட்டி முழுக்க நம் மண்ணின் செடிகள்தான். முன்வரிசையில் கம்பளமாக ஆரைக்கீரை, நடுவில் நீர்ப்பிரமி, பின்னால் ரொட்டாலா, பர்கூர்க் கல் ஐந்து. ஆரைக்கீரைக்கு மருந்தடிக்காத வயலாகப் பார்த்துச் சொல்லிவைத்தாயிற்று, மூன்றடிக் கண்ணாடிக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. தை பிறந்ததும் மண் போடுகிறேன்.