விருதுப் பட்டியலும் விருப்பப் பட்டியலும்: நிகழ்த்துகலைஞர் தற்கூற்றுகளில் இசை

முன்னுரை

புதுதில்லி மண்டி ஹவுஸ் பகுதியில் அமைந்துள்ள இரவீந்திர பவனத்தில் சாகித்திய அகாதெமி, சங்கீத நாடக அகாதெமி, லலித கலா அகாதெமி ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் இயங்கி வருகின்றன. அவற்றுள் 1953ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற சங்கீத நாடக அகாதெமி, இசை, நடனம், நாடகம் என்னும் மூன்று துறைகளிலும் கலைஞர்களைத் தேர்ந்து சிறப்பித்து வருகிறது. அதன் விருதுப் பட்டியலில் இசைவாணர் இந்துஸ்தானி, கருநாடகம் என்றும், நடனக் கலைஞர் தத்தம் ஆடல்முறையின் பெயராலும், நாடகக் கலைஞர் நாடக ஆக்கம், இயக்கம், நடிப்பு முதலிய பிரிவுகளாலும் பகுக்கப்படுவர். பரந்த நாடு ஒன்றின் கலைகளைக் கணக்கிற் கொள்ள இத்தகைய பகுப்பு தேவையே. எனினும் அப்பட்டியலில் இடம்பெறும் கலைஞர்கள் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்கும்போது இப்பகுப்புக்கு அடங்குகின்றனரா என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியாக, தமிழ் நிகழ்த்துகலைஞர் மூவரின் தற்கூற்றுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடகமேடை நினைவுகள்', அவ்வை தி. க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை', தஞ்சாவூர் பாலசரசுவதி 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் நிகழ்த்திய தலைமையுரை ஆகியன இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மூவருமே தலைநகரின் சிறப்பைப் பெற்றவர்கள். சம்பந்த முதலியார் 1959இல் பத்ம பூஷண், சண்முகம் 1971இல் பத்மஸ்ரீ, பாலசரசுவதி 1955இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 1957இல் பத்ம பூஷண், 1977இல் பத்ம விபூஷண் ஆகிய விருதுகளைப் பெற்றனர். தாம் எந்த இசையால், எந்த ஆட்டத்தால் ஈர்க்கப்பட்டோம் என்று கலைஞர் கூறும் இடங்களே விருதுப் பகுப்பின் எல்லைகளை மீறி நிற்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

விருப்பம் என்னும் சான்று

தன்வரலாற்றைத் தமிழாய்வுலகம் பெரும்பாலும் இலக்கிய வகையாகவோ சமூக வரலாற்று ஆவணமாகவோ அணுகியுள்ளது. பிறந்த ஊர், குடும்பம், வறுமை, ஏற்றம், பெற்ற பட்டங்கள் ஆகியன திரட்டப்படுகின்றன. "எனக்கு இன்னாருடைய பாட்டுப் பிடிக்கும்" என்று கலைஞர் கூறும் இடமோ சுவையான செய்தியாகக் கருதப்பட்டுக் கடந்து செல்லப்படுகிறது. இது பிழையான வாசிப்பு எனலாம். புலவர் ஒருவர் தமக்கு முந்தைய புலவரைப் பாராட்டுவதை நாம் இலக்கியக் கொள்கையாகக் கொள்கிறோம். பாடுவோரும் ஆடுவோரும் தமக்கு முந்தையோரைப் பாராட்டுவதையும் அவ்வாறே கொள்வதுதான் முறை. நூல் எழுதும் பழக்கம் பரவாத கலை மரபுகளில் கோட்பாடு பெரிதும் இத்தகைய பாராட்டுகளின் வழியாகவே கைமாறி வந்துள்ளது.

சம்பந்த முதலியார்: வேற்றுமொழி மேடையில் பிறந்த வேட்கை

பம்மல் சம்பந்த முதலியார் (1873 - 1964) 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றியவர். 1930களில் ஆறு பாகங்களாக வெளிவந்த அவருடைய நினைவுகள், நவீனத் தமிழ் நாடகத்தின் தோற்றத்தை உள்ளிருந்து காட்டுவன.

அந்நூலின் தொடக்கத்தில் அவர் தரும் ஒப்புதல் நோக்கத்தக்கது. இளமையில் தமக்குத் தமிழ் நாடகங்களின்மீது வெறுப்பே இருந்தது என்கிறார். அவ்வெறுப்பை மாற்றியது பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு அழைத்து வந்த தெலுங்கு நாடகக் குழு. கற்றவர்களும் அரங்கேறி நடிக்கலாம் என்பதை அக்குழுவின் ஆட்டத்தைக் கண்டே உணர்ந்தார். 'தமிழ் நாடகத் தந்தை' என்று போற்றப்படும் ஒருவரின் முதல் ஈர்ப்பு வேற்றுமொழி மேடையிற் பிறந்தது என்பதை மொழிவழிப் பகுப்பால் காட்ட இயலாது.

விடியும்வரை நீண்ட ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியதும், பாடல்களைக் குறைத்து உரையாடலுக்கு முதன்மை தந்ததும் அவர் செய்த மாற்றங்களுள் தலையாயவை. ஆகவே இசையையும் நாடகத்தையும் தனித்தனியே பிரித்துக் காணும் நோக்குக்கு அவரும் ஒரு காரணர். இங்கு அவருடைய நூலின் குறையையும் சுட்ட வேண்டும். கற்றோர் குழுவின் சுவையைப் பொதுச்சுவையாகக் கொள்ளும் அவர், தெருக்கூத்தின் இசைவளத்துக்கு உரிய இடம் தரவில்லை. விருப்பத்தைச் சான்றாகக் கொள்பவர் வெறுப்பையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். அவ்வெறுப்பு அவர் வாழ்ந்த வகுப்பின் செவியை நமக்குக் காட்டுகிறது.

சண்முகம்: செவிவழிப் பெற்ற பள்ளி

தி. க. சண்முகம் (1912 - 1973) 1918இல், ஆறு வயதுச் சிறுவனாகத் தம் உடன்பிறந்தாருடன் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தவர். 1972இல் வெளிவந்த அவருடைய 'எனது நாடக வாழ்க்கை' பாலர் குழுக்களின் அன்றாடத்தை விரித்துரைக்கும் அரிய நூல்.

சம்பந்த முதலியார் பாடல்களைக் குறைத்த அதே காலப்பகுதியில் பாடல்களாலேயே நாடகத்தைக் கட்டியவர் சுவாமிகள். அவர் அபிமன்யு நாடகத்தைப் பாடல்களும் உரையாடலுமாக ஒரே இரவில் எழுதி முடித்ததைச் சண்முகம் வியப்புடன் பதிவு செய்துள்ளார். அபிமன்யுவாக நடித்தவர் சிறுவர் சண்முகமே. ஆகவே அவர் பாராட்டும் பாடல் அவருடைய தொண்டைக்கென எழுதப்பெற்ற பாடல். எந்தச் சிறுவனுக்கு எந்தச் சுருதி எட்டும், எவ்விடத்தில் மூச்சு வாங்க நேரம் வேண்டும் என்பதை அறிந்து எழுதுவது வாத்தியாரின் தொழில். மகரக்கட்டு உடைந்தால் பாலநடிகனின் வாழ்வே மாறிவிடும் சூழலில், குரலுக்கேற்ற பாடல் என்பது பிழைப்போடு பிணைந்த ஒன்று.

அக்கால நாடக மேடையின் இசை ஒரே ஊற்றிலிருந்து வந்ததன்று. கருநாடக இராகங்களோடு பார்சி நாடகக் குழுக்கள் பரப்பிய இந்துஸ்தானி மெட்டுகளும், காவடிச் சிந்து போன்ற நாட்டார் மெட்டுகளும் ஆர்மோனியத்தின் துணையோடு ஒலித்தன. வடபுல மெட்டில் தமிழ்ச் சொல் அமர்ந்த அந்த இசையைக் கருநாடக இசை என்னும் பிரிவிலோ, நடிப்பு என்னும் பிரிவிலோ முழுமையாக அடக்க இயலாது. சண்முகத்தின் நினைவில் அது பிரிவற்ற ஒன்றாகவே வாழ்கிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த ஆசிரியரின் குரலை, ஐம்பது ஆண்டு கழித்து மாணவர் ஏட்டில் மீட்கிறார். ஆசிரியர்பால் கொண்ட பத்தி மிகுதியால் பாலர் குழுக்களின் கடுமையை அவர் சில இடங்களில் மென்மையாக்கி விடுகிறார் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பாலசரசுவதி: காணும் இசை

பாலசரசுவதி (1918 - 1984) வீணை தனம்மாளின் பெயர்த்தி. தனம்மாளின் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நிகழ்ந்த வீணை இசையைக் கேட்க அக்கால இசைவாணர் பலர் கூடினர். அவ்வில்லத்தின் செவிப்பயிற்சியே பாலசரசுவதிக்கு முதற்கல்வி. மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆடலைக் கண்டு வேட்கை கொண்டார். கந்தப்பப் பிள்ளையிடம் பயின்றார். 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். தாயார் ஜயம்மாள் பாட மகள் ஆடியது நெடுங்காலம் தொடர்ந்தது. 1973இல் சென்னை மியூசிக் அகாதெமி இசைவாணர்க்குரிய சங்கீத கலாநிதி பட்டத்தை ஆடற்கலைஞரான அவருக்கு அளித்தது.

1975ஆம் ஆண்டுத் தலைமையுரையில் அவர் பரதநாட்டிய நிகழ்ச்சியின் வரிசையைக் கோயிலுக்குள் செல்லும் வழியாக உருவகிக்கிறார். அலாரிப்பு கோபுரமாகவும், அடுத்தடுத்த உருப்படிகள் மண்டபங்களாகவும், பதம் கருவறையாகவும் அமைகின்றன. தில்லானா கற்பூர ஆரத்திக்கு ஒப்பாகிறது. இவ்வமைப்பில் உச்சம் எங்குள்ளது என்பது கவனிக்கத்தக்கது. கால்வேகமும் தாளச் சிக்கலும் மிக்க உருப்படிகள் உச்சமாகவில்லை. ஆரவாரம் அடங்கி, சொல்லும் இசையும் மட்டுமே எஞ்சும் பதம் உச்சமாகிறது. தமக்கு மிகவும் உவப்பான இசை வடிவத்தை நிகழ்ச்சியின் கருவறையில் வைத்ததன் மூலம் தம் ஆடற்கொள்கை முழுவதையும் அவர் கூறிவிடுகிறார். ஆடலும் இசையும் பிரிக்கவொண்ணாதவை என்பதும், சிருங்காரத்தைக் களங்கமெனக் கருதித் தூய்மைப்படுத்த வேண்டியதில்லை என்பதும் அக்கொள்கையின் இரு கூறுகள்.

இதில் வரலாற்று அழுத்தம் ஒன்றுண்டு. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அம்முறையின் கொடுமை முடிந்தது நன்றே. ஆயினும் அக்கலையைத் தலைமுறைகளாகக் காத்த மகளிரின் சுவை தாழ்ந்ததெனக் கருதும் போக்கும் உடன் வளர்ந்தது. அம்மகளிர் மரபிற் பிறந்த ஒருவர், தம் பாட்டி, தாய் ஆகியோர் பாடிய பதமே கருவறை என்று அவையறிய மொழிந்தது வெறும் சுவைக்கூற்று ஆகாது. அது தம் முன்னோர்க்கு அவர் வேண்டிய நீதி.

மற்றொரு முரணும் இங்கே தோன்றுகிறது. தமிழ் இசைச் சங்கம் 1943இல் தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டித் தோன்றியது. தனம்மாள் குடும்பம் போற்றிய பதங்களிலோ க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்கள் மிகுதி. கனம் கிருஷ்ணையர் போன்றோரின் தமிழ்ப் பதங்களும் அவற்றோடு உடன் வாழ்ந்தன. தமிழிசை இயக்கத்தின் நியாயத்தை இது குறைப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. கலைஞரின் செவி இயக்கங்களின் எல்லைக்கு முன்பே பழக்கப்பட்டது என்பதையே இது காட்டுகிறது.

மறுப்பும் வரம்பும்

நினைவு பிழைபடும். முதுமையில் கூறும் விருப்பம் இளமையின் விருப்பத்தோடு ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அவை நோக்கிப் பேசுவோர் அவைக்கேற்பத் தேர்ந்து பேசுவர். இம்மறுப்புகள் ஏற்கத்தக்கனவே. ஆகவே ஒவ்வொரு கூற்றையும் யார், எப்போது, எவர்முன் கூறினார் என்னும் சூழலோடு பொருத்தியே காண வேண்டும். சம்பந்த முதலியார் செய்தித்தாள் படிக்கும் நடுத்தர வகுப்பினர்க்காக எழுதினார். சண்முகம் மறைந்துவரும் மேடை மரபுக்குச் சான்று கூறினார். பாலசரசுவதி தம் மரபின்மீது சுமத்தப்பெற்ற பழியை எதிர்த்து வாதிட்டார். நோக்கம் அறிந்தபின் கூற்று வலுவிழப்பதில்லை. அதன் எல்லை தெளிவாகிறது.

முடிவுரை

மூவரின் கூற்றுகளையும் ஒருங்கு நோக்க, தமிழ் மரபின் முத்தமிழ்ப் பாகுபாடு பிரித்துக் காட்டிய அளவுக்குச் சேர்த்தும் காட்டியது என்பது புலனாகிறது. சண்முகம் இசையையும் நாடகத்தையும், பாலசரசுவதி இசையையும் ஆடலையும் ஒன்றெனவே கொண்டனர். இசையை நாடகத்தினின்று விலக்கிய சம்பந்த முதலியாரும் தெலுங்கு மேடைக்குத் தாம் பட்ட கடனை மறைத்தாரில்லை. விருதுப் பட்டியல் ஒருவரைத் தனியராக்கி ஒரு துறையில் நிறுத்துகிறது. அவர் விரும்பியவற்றின் பட்டியலோ அவரை ஆசிரியர், தாய், வேற்றுமொழிக் குழு, வடபுல மெட்டு ஆகியவற்றின் நடுவே மீண்டும் சேர்க்கிறது.

தலைநகரின் சங்கீத நாடக அகாதெமியும் வானொலியும் கலைஞர்களின் ஒலி, ஒளிப்பதிவுகளைப் பல பத்தாண்டுகளாகத் திரட்டிக் காத்துவருகின்றன. அத்தகைய பதிவுகளில் தமிழில் பேசப்படுவனவற்றைப் பேச்சு வழக்கு சிதையாமல் எழுத்தில் பெயர்த்து, பாடமாக்கி, விளக்கக் குறிப்புடன் பதிப்பிப்பது தமிழ்த் துறைகள் ஏற்கத்தக்க பணி. ஓலைச் சுவடியில் ஒரு சொல் சிதைந்தாலும் வருந்தும் நாம், ஒரு கலைஞர் தமக்குப் பிடித்த பாடலைச் சொல்லிவிட்டு மெல்லப் பாடிக்காட்டும் கணத்தையும் பாடமெனக் கருதுதல் வேண்டும். அக்கணத்தில் ஒலிப்பது அவருடைய குரல் மட்டுமன்று. அவருக்குக் கற்பித்துப் பெயர் பெறாது மறைந்தோரின் குரலும் அதில் உண்டு.