பரிசுக்கு வந்த அறிவியல் சிறுகதைகள்: ஒரு வணிகனின் தராசு

அறிவியல் சிறுகதை என்றால் நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு சாரார், "அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க படிக்கிறது" என்று தள்ளிவிடுவார்கள். இன்னொரு சாரார், "நம் முன்னோர் அன்றைக்கே எழுதி வைத்ததுதானே" என்று சீவக சிந்தாமணியின் மயிற்பொறியைக் காட்டுவார்கள். சிந்தாமணி எங்கள் சமண காவியம்; அந்தப் பெருமையில் எனக்கு ஒரு பங்கு கூடுதலாகவே உண்டு. இருந்தாலும் இரு சாராரோடும் நான் ஒத்துப்போவதில்லை.

திருத்தக்கதேவர் மயிற்பொறியை அழகாகவே அமைத்தார். வலப்பக்கம் திருகினால் எழும்பும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். கருவுற்ற அரசி விசயை அதில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்குகிறாள், சீவகன் பிறக்கிறான். இப்படி ஒரு பொறி இருந்தால் கோட்டை மதிலுக்கு என்ன மதிப்பு, சுங்கம் எப்படி வசூலாகும் என்றெல்லாம் காவியம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. அறிவியல் சிறுகதைக்கு அந்தக் கடமை உண்டு. இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டால், அதன் வரவையும் செலவையும் கடைசிக் காசு வரை கணக்குக் காட்ட வேண்டும். பரிசு பெற்ற கதைகளையும் பரிசுப் பட்டியலில் இடம்பெற்ற கதைகளையும் இந்தத் தராசில் வைத்தே நான் படிக்கிறேன்.

நம் நாட்டில் இத்தகைய கதைக்கு முன்னோடியாகப் பரிசு கொடுத்தவர் ஒரு வணிகர். கல்கத்தாவில் குந்தலீன் என்ற கூந்தல் எண்ணெய் விற்ற ஹேமேந்திர மோகன் போஸ், 1896-ல் வங்கமொழிச் சிறுகதைக்குப் பரிசு வைத்தார். கதையில் எண்ணெயின் பெயர் வர வேண்டும், விளம்பரமாகத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. பரிசு பெற்ற கதையை எழுதியவர் பெயர் போடாமல் அனுப்பியிருந்தார். அவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். கல்கத்தாவைத் தாக்க வந்த புயல் திடீரென்று காணாமல் போகிறது. கப்பலில் போன ஒருவர் கடலில் ஊற்றிய ஒரு குப்பிக் கூந்தல் எண்ணெயே காரணம்! சிரிப்புக் கதைதான். ஆனால் எண்ணெய் நீர்ப்பரப்பில் பரவிச் சிற்றலையை அடக்கும் என்பது மெய். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஒரு குளத்தில் அரை ஏக்கர் அளவுக்கு அலையை அடக்கியதைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1774-லேயே எழுதி வெளியிட்டார். அந்தச் சின்ன உண்மையைப் புயல் அளவுக்கு இழுத்ததில்தான் நகைச்சுவை. பரிசு வைத்தவருக்கும் லாபம், மொழிக்கும் லாபம்.

பெயரை மறைப்பது மராத்தியிலும் நடந்தது. 1974-ல் மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்திய போட்டிக்கு, வானியல் அறிஞர் ஜயந்த் விஷ்ணு நார்லிகர் கருந்துளையை வைத்து ஒரு கதை எழுதினார். தம் பெயருக்காகப் பரிசு கொடுத்துவிடக் கூடாதே என்று முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி, நாராயண் விநாயக் ஜக்தாப் என்று பெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்து காட்டிக்கொடுக்காமலிருக்க மனைவியைக் கொண்டு படியெடுத்து அனுப்பினார். கதைக்கே பரிசு கிடைத்தது. ஏலக்காயைக் கையில் கொட்டி நிறமும் பருமனும் பார்த்து விலை சொல்கிற எனக்கு இந்த நியாயம் பிடித்திருக்கிறது.

வெளிநாட்டில் ஹியூகோ, நெபுலா என்ற இரண்டு விருதுகள் பெரியவை. ஹியூகோ 1953-ல் தொடங்கியது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். நெபுலாவுக்கு எழுத்தாளர் சங்கத்தவரே வாக்களிக்கிறார்கள். டெட் சியாங் 1990-ல் எழுதிய 'பாபிலோன் கோபுரம்' நெபுலா பெற்றது, ஹியூகோ பட்டியலிலும் இடம்பெற்றது. வானம் கெட்டியான கூரை என்று பழங்காலத்தார் நம்பியதை அவர் அப்படியே மெய்யாக வைத்துக்கொள்கிறார். அந்தக் கூரையை எட்டும் கோபுரம் கட்டியாகிவிட்டது. செங்கல்லோடு உச்சிக்குப் போகப் பல மாதம் பிடிக்கிறது. ஆகவே கோபுரத்திலேயே குடும்பங்கள் வாழ்கின்றன, காய்கறி பயிராகிறது. கூரையைக் குடைந்து போனவன் எங்கே வந்து சேர்கிறான் என்பதை நான் சொல்லப்போவதில்லை, படித்துப் பாருங்கள். மூவுலகம், மேரு, ஏறியும் இறங்கியும் சுழலும் காலச்சக்கரம் என்று எங்கள் சமண நூல்களும் அளவு சொல்லி வைத்திருக்கின்றன. அவற்றை "அன்றே சொன்னார்கள்" என்று மேடையில் முழங்குவதைவிட, மெய்யென்று வைத்துக்கொண்டு அங்கே ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்று கதை எழுதுவதே அந்நூல்களுக்குச் செய்யும் மரியாதை என்பது என் துணிபு.

பட்டியலில் வந்ததெல்லாம் எனக்கு ஒப்பு என்று கொள்ள வேண்டாம். சிவ் ராம்தாஸ் 2019-ல் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதை இவ்விரு விருதுகளின் இறுதிப் பட்டியலிலும் வந்தது. 1943 வங்கப் பஞ்சம் அதன் களம். சணல் பொம்மை செய்யும் மூதாட்டி, அந்தப் பொம்மையைக் கொண்டே ஆண்டவர்களைப் பழி தீர்க்கிறாள். லட்சக்கணக்கான உயிர் போன அநியாயம் அது. கோபம் முழுக்க நியாயம். ஆனால் பொம்மையின் ஆற்றல் எதுவரை செல்லும், அதற்கு எல்லை எது என்ற கணக்கைக் கதை போதுமான அளவு காட்டவில்லை. மாயக்கதை என்றே கொண்டாலும் மாயத்துக்கும் ஒரு விதி வேண்டும். வாக்களித்தவர்கள் கண்ணீருக்கு வாக்களித்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

தமிழில் இந்த வகையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் சுஜாதா. வருங்காலத் திருமலையைக் காட்டும் அவருடைய 'திமலா' கதையில், பெயர் தேய்ந்துபோனதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அவரிடம் எனக்குள்ள குறை ஒன்றுதான்: கடைசித் திருப்பத்துக்காகச் சில கதைகளில் கணக்கைப் பாதியில் மூடிவிடுவார். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு நம் மரபறிவை மெச்சுவதோடு நில்லாமல் கேள்வியும் கேட்கிறது. 2019-ல் 'அரூ' இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது. ஜெயமோகன் நடுவராக இருந்தார். நல்ல தொடக்கம். ஆனால் ஒரு மொழிக்கு ஒரு போட்டி போதுமா?

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்ப் பள்ளிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் நம் பிள்ளைகளில் பலர் அறிவியலை ஆங்கிலத்திலும் ஊர் நடப்பை மலையாளத்திலும் படிக்கிறார்கள். தமிழ் பாட்டியோடு பேசவும் பொங்கல் விழாவுக்கும் என்றாகிவிட்டது. தொன்மை, தொன்மை என்று சொல்லியே அதை அலமாரியில் வைத்துவிட்டோம். நாளையைப் பற்றி யோசிக்க உதவாத மொழியை எந்தப் பிள்ளை கையில் வைத்திருக்கும், சொல்லுங்கள்?

ஆகவே நம் சங்கம் ஆண்டுதோறும் ஒரு போட்டி வைக்கலாம். எழுதியவர் பெயர் நடுவருக்குத் தெரியக் கூடாது. கற்பனை ஒன்றே ஒன்று; அதன் கணக்கு முழுதாக வர வேண்டும். களம் நம் மலையும் ஊரும். பொருள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் ஏற்பட்ட முல்லைப் பெரியாறு ஒப்பந்தம் 999 ஆண்டுக்கானது. அதன்படி கெடு 2885-ல்தான் முடியும். அன்றைக்குக் குமுளியில் யார் இருப்பார்கள், தேக்கடியில் எவ்வளவு நீர் நிற்கும், அந்தத் தாளை எந்த மொழியில் வாசிப்பார்கள்? இரு மாநிலத்துப் பெரியவர்களும் இன்றைய வழக்கைப் பேசிக்கொண்டிருக்க, அந்த ஆண்டைக் கணக்குப் போட்டுப் பத்துப் பக்கம் எழுத நம் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையால் முடியும். பரிசுத் தொகைக்கு என் பங்கைத் தந்துவிடுகிறேன். ஏலக்காயின் பெயர் கதையில் வர வேண்டும் என்று கேட்க மாட்டேன்.