அரை நாளில் திருநின்றவூர்: பூசலார் காட்டும் வரிசை

கோயிலுக்குள் நுழைந்ததும் என்ன செய்கிறோம்? கோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். நேரே மூலவரிடம் ஓடுகிறோம். தீபாராதனை முடிந்ததும் அவசரமாக ஒரு சுற்று, பிறகு செருப்பு விட்ட இடம். நடுவில் இருக்கிற கட்டடம் கண்ணிலேயே படுவதில்லை.

வேறு வரிசை ஒன்றைச் சொல்லித் தந்தவர் திருநின்றவூர்க்காரரான பூசலார். சிவனுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டு, பொருள் சேராததால் மனத்துக்குள்ளேயே கட்டி முடித்த நாயனார். குன்றத்தூர்ச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் எழுதும்போது ‘மனத்தில் கட்டினார்’ என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகவில்லை. தச்சர்களைத் தேடியது, நாள் பார்த்து அடிநிலை போட்டது, உபானம் தொடங்கி அடுக்கடுக்காக எழுப்பியது, சிகரத்துக்கு அளவு பார்த்தது, ஸ்தூபி வைத்தது, சுதை பூசியது, கிணறு, மதில், குளம் என்று கொத்தனாருக்குக் கூலி கணக்குப் பார்க்கிற மேஸ்திரியைப் போல எதையும் விடாமல் சொல்கிறார். இல்லாத கோயிலுக்கே இவ்வளவு விவரம்! இருக்கிற கோயிலை நாம் இதில் கால்வாசி கவனத்தோடு பார்த்தால் போதும், அரை நாள் பற்றாது.

போவது சுலபம். சென்ட்ரலில் திருவள்ளூர் அல்லது அரக்கோணம் மின்சார ரயிலைப் பிடித்தால் ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரிக்கு அடுத்தது திருநின்றவூர். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதும் இந்தத் தடத்தில்தான். காலையில் கூட்டமெல்லாம் சென்னையைப் பார்த்து வரும். நீங்கள் எதிர்த் திசையில் போவதால் ஜன்னலோரம் கிடைக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சீக்கிரம் போவது நல்லது.

பலரும் முதலில் பெருமாள் கோயிலுக்குப் போவார்கள். நான் இருதயாலீஸ்வரர் கோயிலில் தொடங்கச் சொல்வேன். சின்னக் கோயில், பார்த்துப் பழகத் தோதானது. கருவறையில் லிங்கத்தின் பக்கத்திலேயே பூசலாரும் இருக்கிறார். அறுபத்துமூவர் வரிசையில் பிராகாரத்தில் நிற்க வேண்டியவருக்குக் கருவறைக்குள் இடம். இதய நோய் உள்ளவர்கள் வேண்டிக்கொள்ள வரும் கோயில் என்பதால், பக்கத்தில் நிற்பவர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வந்தவராக இருக்கலாம். அவருக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

தரிசனம் ஆனதும் வெளியே வந்து, வெட்கப்படாமல் குனியுங்கள். சிற்ப நூல்கள் விமானத்தை அதிஷ்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என்று ஆறு உறுப்பாகப் பிரிக்கும். அதில் முதல் உறுப்பைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தரையோடு ஒட்டிய உபானம், அதன்மேல் நேராக நிற்கும் ஜகதி, அதற்கும் மேலே பிதுங்கி நிற்கும் குமுதம். இந்தக் குமுதம் உருண்டிருக்கிறதா, பட்டை பிடித்திருக்கிறதா என்று மட்டும் போகிற கோயிலிலெல்லாம் பாருங்கள். கொஞ்ச நாளில் கண் தானாகப் பழகிவிடும். புதுப்பித்த கோயில்களில் இதையெல்லாம் டைல்ஸும் பெயிண்டும் மறைத்திருக்கும். சுத்தமாக இருக்க வேண்டும் என்று செய்கிறார்கள். எனக்கென்னவோ வயிறு எரியும்.

கதையின் மறுபாதி காஞ்சிபுரத்தில். பல்லவ மன்னன் தான் எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்த நாளில் பூசலாரும் மனக்கோயிலுக்கு நாள் குறித்திருந்தார். சிவன் மன்னன் கனவில் வந்து, ‘அன்றைக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார்’ என்றாராம். மன்னன் தேடி வந்து கேட்டால், அப்படியொரு கோயிலே இல்லை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அந்தக் கற்றளி 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் எடுத்த கைலாசநாதர் கோயில்தான் என்பது பரவலான கருத்து. கலியுகத்தில் அசரீரி கேட்டவன் என்று ராஜசிம்மனை அந்தக் கோயில் கல்வெட்டே புகழ்வதை இதற்குத் துணையாகக் காட்டுவார்கள். அங்கே போனாலும் அடியைப் பாருங்கள்: கீழ்வரிசை கருங்கல், மேலே மணற்கல். பாரம் தாங்குவது ஒன்று, உளிக்கு இளகுவது ஒன்று.

பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். தாயார் பெயரே ‘என்னைப் பெற்ற தாயார்’. 108 திவ்யதேசங்களில் ஒன்றான இந்தத் தலத்துக்குத் தனிப் பதிகம் கிடையாது; திருமங்கையாழ்வார் பாசுரம் இரண்டே இரண்டு, அவையும் வேறு ஊர்ப் பதிகங்களுக்குள் இருக்கின்றன. ஏன் என்று பட்டரிடம் கேளுங்கள். ஆழ்வார் பாடாமலே கடந்து போய்விட, ‘போய் ஒரு பாட்டாவது வாங்கி வாருங்கள்’ என்று தாயார் பெருமாளை விரட்டினாராம். அதற்குள் ஆழ்வார் திருக்கடல்மல்லைக்குப் போயிருந்தார். அங்கிருந்தபடியே ஒன்று பாடிக் கொடுத்தார். ‘ஒன்றுதானா?’ என்று தாயார் கேட்க, பெருமாள் மறுபடி கிளம்பித் திருக்கண்ணமங்கையில் இன்னொன்று வாங்கி வந்தார். ஒரு பாசுரக் கணக்கை இதைவிட அழகாக யாரும் விளக்க முடியாது. சொல்கிறவர் அந்த ‘ஒன்றுதானா’வில் குரலை எப்படி மாற்றுகிறார் என்று கவனியுங்கள், கதையின் ருசியே அதில்தான்.

ஏரி காத்த ராமர் கோயிலும் ஏரிக்கரையும் மிச்சம். வெயில் ஏறிவிட்டால் விட்டுவிடலாம். போனால், தண்ணீரின் அழகோடு மதகு எங்கே, கலங்கல் எங்கே என்றும் விசாரியுங்கள். வயல்கள் மனைகளான பிறகும் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடுகிறது. மழைக்காலத்தில் ஏரியோரக் குடியிருப்புகளில் வெள்ளம் நிற்பது அதனால்தான்.

அடியிலிருந்து மேலே பார்க்கும் இந்தப் பழக்கம் வெளியூரிலும் உதவும். இப்போது ஐரோப்பா டூர் போகாத தெரு இல்லை. ரோமில் இறக்கிவிட்டு, பாந்தியன் என்ற பழைய கோயிலுக்கு இருபது நிமிடம் என்பார் கைடு. எல்லாரும் செல்போனோடு மேலே பார்ப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள். பளிங்குத் தரை நடுவில் லேசாக மேடிட்டு, அங்கங்கே சிறு துளைகளோடு இருக்கும். கூரைக்குக் கீழே வடிகால் எதற்கு என்ற கேள்வி வந்த பிறகு தலையை நிமிர்த்தினால், உச்சியில் திறந்த வட்டம். மழை அதன் வழியே உள்ளேயே பெய்யும். 43 மீட்டர் அகலமுள்ள அந்த கான்கிரீட் குவிமாடம், கம்பி ஒன்றுகூட இல்லாமல் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. வாசலில் அக்ரிப்பா கட்டியதாக எழுதியிருக்கும். ஆனால் இப்போதைய கட்டடம் அவருக்கு வெகுகாலம் பிந்தைய பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முடிந்தது. பழைய கோயிலை எடுப்பித்தவர் பெயரைப் புதியதிலும் விட்டுவைத்திருக்கிறார்கள். இருபது நிமிடத்துக்கு இவ்வளவு தாராளம்.